கார்டை உருவினால் கணினி ஏன் நின்றுபோகிறது?

கணினி கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே புகாரைச் சொல்கின்றன: "மடிக்கணினியிலிருந்து கார்டை எடுத்தேன், ஹேங் ஆகிவிட்டது." படித்துப் பார்த்தால் நான்கிலும் நோய் வேறு, மருந்தும் வேறு. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பகுதி முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த அண்ணன் எனக்கு ஃப்ரேம்வொர்க் 13 மடிக்கணினி வாங்கி வந்தார். பக்கவாட்டில் நான்கு கார்டுகளை வேண்டியபடி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். யூஎஸ்பி, எச்டிஎம்ஐ கார்டுகளை எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. 1 டிபி சேமிப்புக் கார்டை உருவினால் மட்டும் விண்டோஸ் 11 நின்றுவிடுகிறது. எந்தத் துளையில் போட்டு எடுத்தாலும் இதே கதை. மவுஸ் அம்பு நகர்கிறது; எதைக் கிளிக் செய்தாலும் பலனில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்கிறேன். எனக்கு ஃபோட்டோஷாப் வேலைதான் அதிகம். அதன் ஸ்க்ராட்ச் டிஸ்க்கை இந்தக் கார்டில் வைத்திருக்கிறேன். வேகம் கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, கார்டுக்கு "பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்" என்பதையும் தேர்ந்தெடுத்தேன். ஒரு கடையில் காட்டினேன். மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடவா?
– வாசகர், பொங்கோல்

பதில்: வேண்டாம். மதர்போர்டுக்காக ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். அது பழுதில்லை என்பதற்கான ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதே துளைகளில் மற்றக் கார்டுகள் ஒழுங்காக வந்துபோகின்றன. சேமிப்புக் கார்டோ எந்தத் துளையிலும் அடம்பிடிக்கிறது. ஆகவே துளையின் மேல் குற்றமில்லை. மவுஸ் அம்பு நகர்கிறது என்றால் விண்டோஸின் அடித்தளமும் உயிரோடுதான் இருக்கிறது. அடுத்த முறை இன்னொன்றையும் கவனியுங்கள்: கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் அதன் குட்டி விளக்கு எரிந்து அணைகிறதா? அணைந்து எரிந்தால் நின்றுபோனது மேல்தளம் மட்டுமே. விளக்கு அசையவே இல்லை என்றால்தான் உள்ளே ஆழமான கோளாறு.

ஃப்ரேம்வொர்க் கார்டுகள் எதுவானாலும், துளைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு யூஎஸ்பி-சி முனையில்தான் போய்ச் செருகிக்கொள்கின்றன. அடிப்பக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டு கார்டை இழுப்பதும், யூஎஸ்பி தட்டை மேசைக் கணினியிலிருந்து பிடுங்குவதும் மின்சுற்றுக்கு ஒன்றுதான். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்டுவதற்கென்று வகுக்கப்பட்ட இணைப்பு அது. அதனால் நான் எப்போதும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: கார்டை உருவும் நேரத்தில் அதை உள்ளே யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

உங்கள் கணினியில் ஃபோட்டோஷாப் பிடித்துக்கொண்டிருக்கிறது. படம் எதுவும் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஃபோட்டோஷாப் ஓடுகிறது என்றாலே, ஸ்க்ராட்ச் டிஸ்க்காகக் காட்டிய இடத்தில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும். நினைவகத்தில் இடம் போதாத துண்டுகளை அங்கே வைத்து எடுக்கும். கார்டை உருவியதும் அந்தத் துண்டு வரும் என்று அது காத்திருக்கிறது. காணாமல் போன டிரைவின் பட்டியலைக் காட்ட முயன்றுகொண்டு விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரும் காத்திருக்கிறது. உணவங்காடியில் ஆர்டர் எடுத்தவர் கடையை மூடிவிட்டுப் போனது தெரியாமல் மேசையிலேயே உட்கார்ந்திருப்பவரின் நிலைதான். டாஸ்க்பாரும் ஸ்டார்ட் மெனுவும் எக்ஸ்ப்ளோரரின் பொறுப்பில் இருப்பதால், அது நின்றால் கணினியே நின்றதுபோல் தெரிகிறது.

வீடியோ பார்த்து மாற்றிய அமைப்பு இதை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் சேமிப்புச் சாதனங்களுக்கு "குயிக் ரிமூவல்" என்பதே இயல்பு அமைப்பு. எழுத வேண்டியதை விண்டோஸ் தன்னிடம் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் கார்டில் எழுதிவிடும். "பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்" போட்டால் தேக்கி வைத்து, வசதியான நேரத்தில் எழுதும். "சேவ் ஆகிவிட்டது" என்று திரை சொல்லும்போதும் கோப்பின் ஒரு பகுதி கார்டுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். உங்கள் வாடிக்கையாளரின் திருமண ஆல்பம் அந்த நிலையில் இருந்திருந்தால்? அதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே பதைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் பகுதியைத் திறந்து, கார்டின் பெயரை இருமுறை கிளிக் செய்து, பாலிசிஸ் பக்கத்தில் "குயிக் ரிமூவல்" என்று இன்றே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஸ்க்ராட்ச் டிஸ்க். ஃபோட்டோஷாப்பின் எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் போய், ஸ்க்ராட்ச் டிஸ்க்கை உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். வேகம் குறையுமே என்ற கவலை வேண்டாம். சேமிப்புக் கார்டு விநாடிக்கு 10 கிகாபிட் ஓடும் யூஎஸ்பி இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி, மதர்போர்டின் பாகங்களை நேரடியாக இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகத் தடத்தில் இருக்கிறது. அதன் வேகம் இதைவிடப் பல மடங்கு. கார்டில் வைத்ததால் நீங்கள் வேகத்தை இழந்திருக்கிறீர்களே தவிரப் பெறவில்லை. முடித்த வேலைகளைச் சேமித்து வைக்கவும், அச்சகத்துக்கு எடுத்துச் செல்லவும் அந்தக் கார்டு அருமையான பொருள். அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் கார்டை எடுக்கும்போது நேரடியாக உருவாமல், டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் இருக்கும் சேஃப்லி ரிமூவ் சின்னத்தை அழுத்தி விடைபெறுங்கள். "சாதனம் பயன்பாட்டில் உள்ளது" என்று விண்டோஸ் மறுத்தால் எரிச்சல்பட வேண்டாம். துப்பு கிடைக்கும் இடம் அதுதான். இவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். கர்னல்-பிஎன்பி என்ற பெயரில் 225 என்ற எண்ணுடன் ஒரு குறிப்பு விழுந்திருக்கும். எந்த நிரல் கார்டை விடவில்லை என்பது அதன் முழு முகவரியோடு அதில் இருக்கும். ஃபோட்டோஷாப்பின் பெயர் இருந்தால் மூடிவிடுங்கள். நிரலின் பெயருக்குப் பதிலாக "சிஸ்டம்", செயல் எண் 4 என்று இருந்தால், விண்டோஸின் அடித்தளமே பிடித்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் வைரஸ் தடுப்பு நிரல் கார்டை வருடிக்கொண்டிருக்கும், அல்லது விண்டோஸ் தேடலுக்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கும். சற்று நேரம் விட்டு மறுபடி கேளுங்கள்.

மறுபடியும் நின்றுபோனால் பவர் பட்டனுக்குக் கை போக வேண்டாம். ஓரிரு நிமிடம் பொறுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஃபோட்டோஷாப்பை முடித்துவிட்டு, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். திரை ஒரு கணம் மின்னி, டாஸ்க்பார் மறைந்து திரும்ப வரும். பெரும்பாலும் இவ்வளவுதான் வேலை. நீங்கள் இதுவரை மின்சாரத்தை வெட்டி அணைத்திருப்பதால், கார்டை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் டிரைவையும் ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது: டிரைவின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக்.

ஃபோட்டோஷாப்பை மூடி, முறையாக விடைபெற்று எடுத்தும் நிற்கிறதா? அப்போது விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்கி, அங்கே கார்டைச் செருகி எடுத்துப் பாருங்கள். லினக்ஸில் ஒழுங்காக இருந்தால் கோளாறு விண்டோஸில். அங்கேயும் நின்றால், தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் புதிய பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) ஏற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும், அதுவும் முதலில் கார்டின் மேல்.

கேள்வி: வகுப்பில் படைப்பு முடிந்ததும் எச்டிஎம்ஐ கார்டை உருவினேன். கணினித் திரை கறுப்பாகிவிட்டது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வியர்த்துவிட்டது.
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, தெம்பனிஸ்

பதில்: பாட்டு ஓடியதே, அப்படியானால் கணினிக்கு ஒன்றுமில்லை. "செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி" என்று வைத்திருந்திருப்பீர்கள். அந்த இரண்டாவது திரையையே நீங்கள் கழற்றிவிட்டதால், படத்தை எங்கே காட்டுவது என்று கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக் காட்சியை இயக்கும் நிரல், தடுமாறியிருக்கிறது. விண்டோஸ் விசையுடன் பி-யை (P) அழுத்தி, அம்பு விசையால் மேலே நகர்த்தி என்டர் தட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் மூன்றுடன் பி ஃபார் பாம்பே என்கிறோமே, அந்த ஆங்கில இரண்டாம் எழுத்தை (B) சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் ஒலி கேட்கும். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஆபத்தில்லை. அடுத்த முறை கார்டை எடுப்பதற்கு முன்பே "பிசி ஸ்க்ரீன் ஒன்லி"க்கு மாற்றிவிட்டால் இந்தச் சங்கடமே வராது.

கேள்வி: அப்பாவிடம் நிறைய மினி-டிவி (MiniDV) வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. நான் சிறுமியாக இருந்தபோது தைப்பூசத்துக்குப் பாட்டி பால்குடம் எடுத்துச் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தது, வீட்டுப் பொங்கல், உறவினர் திருமணங்கள் எல்லாம் அதில் உண்டு. கேமரா இன்னும் வேலை செய்கிறது. பழைய மடிக்கணினியில் எக்ஸ்பிரஸ்கார்டு துளை இருந்ததால், கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஒரு ஃபயர்வயர் கார்டு வாங்கிப் போட்டு ஒரு கேசட்டை ஏற்றினேன். முடிந்ததும் கார்டைத் தட்டி எடுத்தேன். திரை அப்படியே நின்று, ஸ்பீக்கரில் ஒரே சத்தம் "டர்ர்ர்" என்று தொடர்ந்து வந்தது. மவுஸ், விசைப்பலகை எதுவும் வேலை செய்யவில்லை. அப்பா பயந்துபோய் இனி வேண்டாம் என்கிறார்.
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டும், கட்டாயம் வேண்டும். உங்கள் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: கணினிக்கும் ஒன்றும் ஆகவில்லை, கேசட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பொங்கோல் வாசகருக்கு நின்றது மேல்தளம். உங்களுக்கு நின்றது அடித்தளம். எக்ஸ்பிரஸ்கார்டு 2003இல் வந்தது. அந்தத் துளையில் யூஎஸ்பி தடமும் உண்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் தடமும் உண்டு. ஃபயர்வயர் கார்டுகள் பிசிஐ எக்ஸ்பிரஸைப் பிடித்துக்கொள்பவை. அதாவது மதர்போர்டின் உள்ளே திருகி வைக்கும் கார்டுக்கு என்ன உரிமையோ, அதே உரிமை உங்கள் கையிலிருந்த கார்டுக்கும் இருந்தது. கார்டுக்கான டிரைவர், கார்டில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடத்தை அடிக்கடி படித்து, "வேலை முடிந்ததா?" என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கார்டு இல்லாத இடத்தைப் படித்தால் பிழை என்று பதில் வராது. எல்லா பிட்டும் 1 ஆக நிரம்பிய ஓர் எண் வரும். கார்டு போய்விட்டது என்று அதைப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்ட டிரைவர் தப்பிக்கும். அப்படி எழுதப்படாத டிரைவர், "இன்னும் முடியவில்லை" என்று எடுத்துக்கொண்டு மறுபடி படிக்கும். மறுபடியும் அதே 1கள். அந்தச் சுழலை விட்டு அது வெளியே வருவதே இல்லை. ஸ்பீக்கரில் கேட்ட "டர்ர்ர்" என்பது, புதிய ஒலி வராததால் கடைசித் துணுக்கையே ஒலிச்சிப்பு திரும்பத் திரும்ப வாசித்தது.

ஆகவே உங்களுக்கான முறை இது. கேசட் ஓடி முடிந்ததும் பதிவு செய்யும் மென்பொருளை மூடுங்கள். கேமராவை அணைத்து, கம்பியைக் கழற்றுங்கள். கணினியை முழுமையாக ஷட் டவுன் செய்யுங்கள். அதன் பிறகு கார்டை எடுங்கள். சேஃப்லி ரிமூவ் வழியாக எடுக்கவும் முடியும்தான். ஆனால் இவ்வளவு பழைய கணினியில், அதைவிடப் பழைய டிரைவரை நம்பி ஏன் சோதனை செய்ய வேண்டும்? இன்னும் எளிய வழி, எல்லா கேசட்டும் முடியும்வரை கார்டை எடுக்காமலே விடுவது. அது துளையில் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

ஒரு மணி நேரக் கேசட் ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும். வெளி வன்தட்டு ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கேசட் நாடாவில் பூஞ்சை படரும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடிபோல் தெரிந்தால் அந்தக் கேசட்டைக் கேமராவில் போடவே வேண்டாம். கேமராவின் தலைப்பகுதி கெடும், அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். அப்படிப்பட்டவற்றைத் தனியே வைத்து, நாடா சுத்தம் செய்யும் கடையில் கொடுங்கள். மற்றவற்றைத் தாமதிக்காமல் ஏற்றுங்கள். ஃபயர்வயர் உலகம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2025இல் வந்த மேக்ஓஎஸ் தாஹோவில் ஆப்பிள் அதன் ஆதரவையே எடுத்துவிட்டது. உங்கள் பழைய மடிக்கணினியை விற்காதீர்கள், புதிய விண்டோஸுக்கு மாற்றாதீர்கள். இணையத்தைத் துண்டித்து, இந்த ஒரு வேலைக்காக மட்டும் அப்படியே வைத்திருங்கள். பாட்டியின் பால்குடத்தை முதலில் ஏற்றுங்கள்.

கேள்வி: தேசிய சேவையில் இருக்கிறேன். வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது லினக்ஸ் கற்கிறேன். மாற்றிப் போடும் 250 ஜிபி கார்டில் லினக்ஸை நிறுவியிருக்கிறேன். அதே கணினியைத் தம்பி விண்டோஸில் பள்ளிப் பாடத்துக்குப் பயன்படுத்துகிறான். அவன் எதையாவது அழித்துவிடுவான் என்று, ஞாயிறு இரவு மூடியை மூடிவிட்டுக் கார்டை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு முகாமுக்குப் போவேன். திங்களன்று தம்பி திறந்தால் என் லினக்ஸ் திரையே உறைந்து நிற்கிறதாம். வீட்டில் எனக்குத்தான் திட்டு.
– வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, மூடியை மூடினால் கணினி தூங்குகிறது, அணைவதில்லை. நினைவகத்தில் லினக்ஸ் அப்படியே இருக்கிறது. திங்களன்று அது கண்விழித்துத் தன் கோப்புகளைத் தேடினால், அவை உங்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. வேறென்ன செய்யும்?

யூஎஸ்பி சாதனத்திலிருந்து இயங்கிய விண்டோஸ் டு கோ பதிப்பில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. சாதனத்தைப் பிடுங்கினால் கணினி உறைந்து நிற்கும். 60 விநாடிக்குள் அதே இடத்தில் திரும்பச் செருகினால் விட்ட இடத்திலிருந்து தொடரும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். சாதாரணமாக நிறுவிய லினக்ஸில் அந்த வசதி கிடையாது. கார்டைத் திரும்பச் செருகினாலும் அது புதிய சாதனமாகத்தான் பதிவாகும். பழைய இணைப்பு ஒட்டாது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது ஒன்றே வழி, உங்கள் தம்பி அதைத் தாராளமாகச் செய்யலாம். கார்டில் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு இருந்தால், அடுத்த முறை தொடங்கும்போது தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தன்னையே சரிசெய்துகொள்ளும்.

இனி ஞாயிறு இரவு ஷட் டவுன் கொடுங்கள். திரை கறுப்பானது போதாது. பவர் பட்டனைச் சுற்றியுள்ள விளக்கும் அணைந்த பிறகு கார்டை உருவுங்கள். இன்னொன்றையும் செய்யுங்கள். தம்பியின் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் ஷட் டவுனிலும் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எதையாவது எழுதினால், கெடுவது அவனுடைய பாடக்கோப்புகள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிட்டால் போதும்.